ஐந்நூறு ரூபாய்க் கோடு
குடும்பமும் நீதிமன்றமும் – 7

சென்ற அத்தியாயத்தில் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தைப் பார்த்தோம். அது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சட்டம். மாவட்ட நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போய், வக்கீல் வைத்து வழக்காட முடிந்தவர்களுக்குத்தான் அதனால் பயன். ஏறக்குறைய அதே காலத்தில், மதமோ சாதியோ கேட்காத இன்னொரு கதவு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் திறந்தது. திருட்டு, அடிதடிக் கேஸ்களுக்கு நடுவே ஒரு பெண் போய் நின்று, கட்டியவன் சோறு போடவில்லை, பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று மனுக் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் கணவனை வரவழைத்து விசாரித்து, மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவிடுவார். ஊரில் எல்லோரும் ஜீவனாம்ச வழக்கு என்று சொல்வது இதைத்தான்.

குடும்ப நீதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திருமணத்தையும் விவாகரத்தையும் பற்றிய சட்டங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, அதற்காக 1951-இல் அம்பேத்கர் பதவி விலகியது, 1955, 56-ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்று அந்தக் கதை போகும். அவை முக்கியமானவைதான், இந்தத் தொடரிலும் வரும். ஆனால் கையில் காசில்லாத பெண் நீதிமன்றப் படியேறியது பெரும்பாலும் அடுத்த மாத அரிசிக்காக. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு சட்டப் பிரிவைப் பற்றியது. அதிலும், அந்தப் பிரிவுக்குள் எழுதி வைத்திருந்த ஒரு தொகையைப் பற்றியது.

1861-இல் வந்த முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 316-ஆம் பிரிவு. 1872-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது 536. 1898-இல் 488. அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு வக்கீல்கள் பேச்சில் நிலைத்த எண் அதுதான். வசதி இருந்தும் மனைவியையோ, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத குழந்தையையோ ஒருவன் கவனிக்க மறுத்தால் மாதத்தொகை கொடுக்க உத்தரவிடலாம். குழந்தை திருமணத்தில் பிறந்ததா, வெளியே பிறந்ததா என்ற வேறுபாடு கிடையாது. சட்டம் இந்த ஒரு விஷயத்தில் அன்றைய சமூகத்தைவிட நியாயமாக நடந்துகொண்டது. தகப்பன் பெயர் சொல்லத் தயங்கிய ஊரில், தகப்பனிடம் மாதப்பணம் கேட்கும் வழி அந்தக் குழந்தைக்கு இருந்தது.

குடும்ப விவகாரம் குற்றவியல் சட்டத்துக்குள் ஏன் வந்தது? 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை வடித்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், சட்டத்தில் ஜீவனாம்சம் பற்றிய அத்தியாயத்தின் நோக்கம் ஆதரவற்று அலைவதைத் தடுப்பது, குறைந்தபட்சம் அதன் விளைவுகளைத் தடுப்பது என்று விளக்கினார். இங்கிலாந்தில் மனைவி மக்களைக் கைவிட்டுப் போனவனை அலைந்து திரிபவர்களுக்கான சட்டத்தின் கீழ் தண்டித்தார்கள்; கைவிடப்பட்ட குடும்பத்தின் செலவு அந்தப் பகுதி வரி கட்டுவோர் தலையில் விழுந்ததுதான் காரணம். அந்த எண்ணமே கப்பலேறி இங்கே வந்தது. பட்டினி கிடப்பவள் தெருவுக்கு வந்தால் பொது அமைதி கெடும், ஆகவே அவள் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கணக்கு. கணவனின் வருமானத்தில், அவன் வாழும் வாழ்க்கையில் அவளுக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பே அதில் இல்லை. உச்சவரம்பு ஒன்று வைத்தது அதனால்தான். எவ்வளவு பெரிய ஜமீன்தாரானாலும் மாதம் மொத்தத்தில் ஐம்பது ரூபாய்க்கு மேல் மாஜிஸ்திரேட் விதிக்க முடியாது.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. 'என்னோடு வந்து இரு, காப்பாற்றுகிறேன்' என்று கணவன் கோர்ட்டில் சொல்லிவிட்டால், தக்க காரணம் காட்டாமல் மறுக்கும் மனைவிக்குப் பணம் கிடையாது. அவன் வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது தக்க காரணமா? 1949-இல் நடந்த திருத்தம்தான் இதற்கு எழுத்தில் பதில் சொன்னது: கணவன் வேறொரு பெண்ணை மணந்திருந்தாலோ, வைத்திருந்தாலோ, மனைவி அவனோடு வாழ மறுப்பது நியாயமே. இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்துச் சென்னை மாகாணம் தனியே சட்டம் கொண்டுவந்ததும் அதே 1949-இல்தான். அதற்கு முன் எத்தனை பெண்கள் 'வந்து இரு' என்ற ஒரு வாக்கியத்துக்குத் தோற்று வெறுங்கையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

உச்சவரம்புக்கு வருவோம். 1923-இல் அது நூறு ரூபாய் ஆனது. 1955-இல் ஐந்நூறு. தாராளமான உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும். அன்று ஒரு பவுன் அறுபது ரூபாய்க்குச் சற்று மேலே விற்றது. ஐந்நூறு ரூபாயில் ஏழு பவுனுக்கு மேல் வாங்கலாம். அடுத்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு நாடாளுமன்றம் அந்த எண்ணைத் தொடவில்லை. 2001-இல் அதே ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கிராம் தங்கமும் கொசுறும்தான் கிடைத்தது. இடையில் சட்டத்தில் எத்தனையோ மாறியது. எண் மட்டும் அப்படியே இருந்தது.

மாறியவற்றில் மிக முக்கியமானது, எந்த ஊரில் மனுப் போடுவது என்பது. 488-ஆம் பிரிவின்படி கணவன் வசிக்கும் ஊரில், அல்லது அவன் இருக்கும் ஊரில், அல்லது இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில்தான் வழக்குப் போடலாம். அடித்து விரட்டப்பட்டவள் பிறந்த ஊருக்குத்தான் போவாள். ஆனால் வழக்குக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனுடைய ஊருக்கே திரும்ப வேண்டும். கணவன் கடல் கடந்து போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்களை அனுப்பிய நம் கடலோர மாவட்டங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஒருவர் விடுப்பில் பஞ்சாபுக்கு வந்திருந்தபோது மனைவி தொடுத்த வழக்கு, 1963-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நான் இங்கே வசிக்கவே இல்லையே என்றார் கணவர். சில நாள் தங்கியிருந்தாலும் 'இருக்கிறார்' என்பதற்குள் அது அடங்கும் என்று நீதிபதி சுப்பாராவ் தீர்ப்பெழுதினார். ஊருக்கு வந்த கணவன் திரும்பிக் கப்பலேறுவதற்குள் மனுவைப் போட்டுவிட்டால் மனைவிக்கு வழி உண்டு என்று ஆயிற்று.

1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தத் துயரத்தை ஒரே வரியில் தீர்த்தது: மனைவி வசிக்கும் ஊரிலும் மனுப் போடலாம். இந்தப் பிரிவின் வரலாற்றில் மிகப் பெரிய சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மேடையில் யாரும் பேசாத, நாளிதழ்த் தலைப்பு ஆகாத மாற்றம். பஸ் சார்ஜுக்கு வழியில்லாமல் வழக்கையே போடாமல் விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதே சட்டத்தில் 488 என்பது 125 ஆனது. விவாகரத்தான பெண்ணும், வயதான தாய் தந்தையும் உள்ளே வந்தார்கள். பழைய சட்டத்தில் மனைவியாக இருக்கும்வரைதான் உரிமை. ஜீவனாம்ச உத்தரவு வந்த கையோடு மணமுறிவைச் சொல்லி உத்தரவைச் செல்லாததாக்கும் பழக்கம் இருந்தது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் 'மொத்தத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மிகாமல்' என்ற சொற்கள் 1973-இலும் அப்படியே ஏறிக்கொண்டன. அந்த 'மொத்தத்தில்' என்பதைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தே ஐந்நூறுதான் என்று ஒரு கணவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்றார். தாய்க்கும் இரண்டு குழந்தைக்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு வரை போகலாம் என்ற வழி அப்படித்தான் பிறந்தது. பெண்களையும் குழந்தைகளையும் காக்கத்தான் இந்தப் பிரிவு இருக்கிறது, அந்த நோக்கோடுதான் இதைப் படிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஸ்டீபன் தெருவைப் பார்த்து எழுதிய பிரிவை, கிருஷ்ணய்யர் அடுக்களையைப் பார்த்துப் படித்தார்.

இனி ஷா பானோ. இந்தப் பெயர் வந்தாலே அரசியல் வந்துவிடுகிறது. அதில் அந்த மூதாட்டியின் வழக்கு என்ன என்பதே மறந்துபோகிறது. இந்தூரில் பெரிய வக்கீல் ஒருவரை 1932-இல் மணந்தவர். ஐந்து பிள்ளைகள். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் 125-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டார். கேட்ட தொகை மாதம் ஐந்நூறு ரூபாய். கணவரின் ஆண்டு வருமானம் சுமார் அறுபதாயிரம் என்று அவர் தரப்பு சொன்னது. அதாவது மாதம் ஐயாயிரம் சம்பாதிப்பவரிடம், சட்டம் விட்ட எல்லையில் நின்று பத்தில் ஒரு பங்கு கேட்டார். அந்த நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். 1979 ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் விதித்த தொகை மாதம் இருபத்தைந்து ரூபாய். 1980 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதை எதிர்த்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் போனார். 1985 ஏப்ரல் 23 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு கணவரின் முறையீட்டைத் தள்ளியது. 125-ஆம் பிரிவு எல்லா மதத்தவருக்கும் பொது என்றது.

தீர்ப்புக்குப் பின் எழுந்த கொந்தளிப்பும், அதைத் தொடர்ந்த 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டமும் எல்லோரும் அறிந்தவை. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் ஷா பானோவுக்காக வாதாடிய வக்கீல் டேனியல் லத்தீஃபி. 2001 செப்டம்பர் 28 அன்று வந்த தீர்ப்பு, இத்தா காலத்துக்குள் (மணமுறிவுக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) கணவன் கொடுக்க வேண்டிய 'நியாயமான ஏற்பாடு' விவாகரத்தான பெண்ணின் எதிர்கால வாழ்வுக்கும் சேர்த்துத்தான் என்று சட்டத்தை விரித்துப் பொருள் கொண்டு, அதைச் செல்லுபடியாக்கியது. 125-ஆம் பிரிவும் முஸ்லிம் பெண்களுக்கு மூடப்படவில்லை என்று 2024 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. என் மனதை உறுத்துவது வேறொன்று. இத்தனை பெரிய போராட்டத்தின் அடியில் கிடந்த தொகை, ஒரு மாதத்துக்கு நூற்று எழுபத்தொன்பது ரூபாய்.

ஷா பானோ வழக்கு நடந்த ஆண்டுகளில்தான் குடும்ப நீதிமன்றங்களுக்கான சட்டமும் வந்தது. 1953-இல் சீனா போயிருந்தபோது அங்கே குடும்ப வழக்குகளுக்கென்று இருந்த நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் அப்படி வேண்டும் என்று சொன்னவர் துர்காபாய் தேஷ்முக். சென்னையில் ஆந்திர மகிளா சபாவை நிறுவியவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1984-இல்தான் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் நிறைவேறியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ஜீவனாம்ச மனுக்கள் மாஜிஸ்திரேட்டிடமிருந்து குடும்ப நீதிமன்றத்துக்கு மாற வேண்டும் என்று ஆனது. சமரச முயற்சி, ஆலோசகர்கள், வக்கீல் வைப்பது உரிமையல்ல என்ற 13-ஆம் பிரிவு பற்றியெல்லாம் அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். மனு புதிய கட்டடத்துக்குப் போனபோது, பழைய உச்சவரம்பும் கூடவே போனது. அதே நீதிபதி, அதே அறையில், இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகளின் கீழ் எவ்வளவு வேண்டுமானாலும் விதிக்கலாம்; 125-இன் கீழ் ஐந்நூறைத் தாண்டக் கூடாது. முன்னதற்கு, விவாகரத்து போன்ற திருமண வழக்கொன்று நடக்க வேண்டும். தாலியை அறுத்துக்கொள்ள மனமில்லாமல், சாப்பாட்டுக்கு மட்டும் வழி கேட்டு வந்தவர்கள் உச்சவரம்புக்குள் சிக்கினார்கள்.

நீதிமன்றங்கள் தம்மால் முடிந்ததைச் செய்தன. வழக்கு முடியும்வரை அவள் எதைச் சாப்பிடுவாள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. எழுத்தில் இல்லாவிட்டாலும் இடைக்கால ஜீவனாம்சம் விதிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு என்று 1985 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகள்களும் பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள் என்று 1987-இல் தீர்ப்பு வந்தது. பணம் கட்டாததற்காகச் சிறைக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் பாக்கி தீர்ந்தது என்று நினைத்த கணவர்களுக்கு, சிறை என்பது வசூலுக்கான வழிதானே தவிர, கடனைக் கழிப்பது அல்ல என்று 1989-இல் பதில் கிடைத்தது. ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணை எந்த நீதிபதியாலும் அழிக்க முடியாது.

அதே 1989-இல் சட்ட ஆணையம் தன் 132-ஆவது அறிக்கை முழுவதையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்ச அத்தியாயத்துக்கே ஒதுக்கியது. டெல்லி அசையவில்லை. பொறுத்துப் பார்த்த சில மாநிலங்கள் தாமே திருத்தம் செய்தன. மேற்கு வங்கம் 1992-இல் ஆயிரத்தைந்நூறு ஆக்கியது. மகாராஷ்டிரமும் பின்னர் அதே அளவுக்கு வந்தது. மத்தியப் பிரதேசம் மூவாயிரம் வரை போனது. ஒரே நாட்டில், ஒரே சட்டப் பிரிவின் கீழ், எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தொகை, இந்தப்பக்கம் ஒரு தொகை. கடைசியில் 2001 செப்டம்பர் 24 முதல் உச்சவரம்பு முற்றிலும் நீங்கியது. இடைக்கால ஜீவனாம்சம் சட்டத்திலேயே ஏறியது. அந்த மனுவை நோட்டீஸ் சார்வு செய்த அறுபது நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

எண் போனாலும் அதன் நிழல் போகவில்லை. கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் 2001-இல் தாக்கலான ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். தன்னை 1986-இல் திருமணம் செய்துகொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் விட்டுப் போனதாக ஒரு பெண் சொன்னார். எதிர்மனுதாரர் இடைநிலை ஆசிரியர். மாதச் சம்பளம் பத்தாயிரம் என்றது மனு. அவர் கேட்ட ஜீவனாம்சம் எவ்வளவு? ஐந்நூறு ரூபாய். சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தூரில் ஒரு மூதாட்டி கேட்ட அதே தொகை. இதற்கு முன்பே எனக்கு வேறொருவரோடு திருமணம் ஆகிவிட்டது என்பது ஆசிரியரின் வாதம். குடும்ப நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த முதல் மனைவி எனப்பட்டவரை வழக்கில் சேர்க்காமலே அவர் திருமணத்தைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்று 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப அனுப்பியது. திருமணம் போன்ற உறவு என்றால் என்ன என்பதற்கு வரையறை சொன்ன தீர்ப்பு என்று சட்டப் புத்தகங்களில் அது இடம்பிடித்துவிட்டது. மாதம் ஐந்நூறு கேட்டவர் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

உச்சவரம்பு இருந்த இடத்தில் இன்று தாமதம் உட்கார்ந்திருக்கிறது. அறுபது நாள் என்று எழுதியும், 2013-இல் தொடங்கிய ஓர் இடைக்கால ஜீவனாம்ச வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் அந்த வழக்கில் நவம்பர் 4 அன்று தந்த தீர்ப்பு, நாடு முழுவதற்கும் வழிமுறை வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகையை, உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதற்கு முன் சில நீதிமன்றங்கள் மனுத் தேதியிலிருந்தும் சில உத்தரவுத் தேதியிலிருந்தும் கணக்கிட்டன. உத்தரவுத் தேதி என்றால், வாய்தா வாங்க வாங்கக் கணவனுக்கு லாபம். இப்போது இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 125 இப்போது 144. பெரும்பாலும் பழைய வாசகமே. ஒரு மாற்றம் மட்டும் கவனிக்க வேண்டியது. பெற்றோர் மனுப் போட வேண்டுமானால் மகன் இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வாசகப்படி தீர்ப்பளித்திருந்தது. ஊரில் தனியாகக் கிடக்கும் எழுபது வயதுத் தாய், சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் மகன் மீது வழக்குப் போட அங்கே போய் நிற்க வேண்டும். 1973-இல் மனைவிக்குக் கிடைத்த வசதி, தாய் தந்தைக்குக் கிடைக்க ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 145-ஆம் பிரிவில் இப்போது அவர்கள் வசிக்கும் ஊரும் சேர்ந்திருக்கிறது.

பெற்றோருக்கென்று 2007-இல் தனிச் சட்டமே வந்தது. கோட்டாட்சியர் முன்னிலையில் மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை, தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதன் 9-ஆம் பிரிவைத் திறந்தால், மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விதிக்கக் கூடாது என்று இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் வரம்பை அழித்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், அதே நாடாளுமன்றம் இன்னொரு வரம்பை எழுதியது. அதை நீக்க 2019 டிசம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே 17-ஆவது மக்களவையோடு காலாவதியானது. பத்தாயிரத்துக்கு மேல் வேண்டிய பெற்றோர் பழைய வழியான 144-க்குத்தான் போக வேண்டும். இரண்டு சட்டங்களில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது.